அங்கப்பண்ணன் போட்ட நாலு ஸ்டார்

என்னைப் பற்றி நானே நாலு வரி புகழ்ந்து எழுத வேண்டும் என்று ரித்திகா சொன்ன அன்று காலை, குக்கர் நாலு விசில் அடித்து ஓயும்வரை நான் ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். 'வணக்கம். எல்லாவிதமான டிராயிங் வேலைகளும் என்னால் முடிந்தவரை செய்து தருவேன்.' இதைத்தான் ஆங்கிலத்தில் போட்டு, வீட்டிலிருந்தே வேலை பிடிக்கிற அந்த இணையதளத்தில் எட்டு மாதமாகத் தொங்கவிட்டிருந்தேன். எட்டு மாதத்தில் ஆறே பேர் வேலை கொடுத்திருந்தார்கள். ரித்திகா போனில் அதைச் சத்தமாக வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எனக்கு அடுப்பை அணைக்கவே மறந்துவிட்டது.

"முடிஞ்சவரைக்கும்னு எழுதுனா எவன்டி வேலை குடுப்பான்? ஆஸ்பத்திரில டாக்டர் வந்து, முடிஞ்சவரைக்கும் பாக்கறோம்னு சொன்னா நீ என்ன நெனைப்ப?"

அவள் சொன்னது சரிதான். ரித்திகாவும் நானும் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்து, ஒரே பம்ப் கம்பெனியில் அடுத்தடுத்த மேசையில் ஐந்து வருஷம் டிராயிங் போட்டவர்கள். அவள் இப்போது சரவணம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு யார் யாரோ வெளிநாட்டுக்காரர்களின் சமையலறைக்கு அலமாரி வரைந்து கொடுக்கிறாள். நான் ரிஃபத் பிறந்ததும் வேலையை விட்டேன். எனக்குத் தெரிந்தது பம்ப்தான். பழைய பம்ப்பில் ஒரு பாகம் உடைந்துபோகும், செய்த கம்பெனியே இருக்காது, டிராயிங்கும் இருக்காது. உடைந்ததை அளந்து பார்த்து, உடையாததாக வரைந்து தருவேன். அதை வைத்து வார்த்துக் கடைந்து மாட்டிக்கொள்வார்கள். இது என் கைக்கு நன்றாக வரும். ஆனால் நன்றாக வரும் என்று என் வாயால் சொல்ல வராது.

இது என் ஒருத்தியின் நோய் இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் இருபது வருஷமாக லாரி ஓட்டுகிறவரிடம் வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டால், 'ஏதோ ஓட்டுவனுங்க' என்பார். என்னைப் பெற்ற எங்கத்தா பீர் முகம்மது டவுன்ஹாலில் கோட்டு தைக்கிறவர். புது மாப்பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று வாயைப் பிளந்தாலும், 'சுமாரா வந்திருக்குதுங்க' என்றுதான் சொல்வார். அந்தச் சுமாருக்குத்தான் ஆள் வரிசையில் நிற்கும். இணையதளத்தில் சுமார் என்று எழுதினால் சுமார் என்றே எடுத்துக்கொள்வார்கள் என்பதை நான் எட்டு மாதம் கழித்துத்தான் புரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் கலைத்து மறுபடி போட வேண்டும் என்றாள் ரித்திகா. முதலில் போட்டோ. அதுவரை என் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜாப்பூ இருந்தது. முக்காடோடு படத்தைப் போட்டால் வெள்ளைக்காரன் வேலை கொடுப்பானா என்று இல்யாஸிடம் கேட்டேன். உக்கடத்தில் செல்போன் சாமான் கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் அவர். போன் கவரில் விரலைச் சொருகிக்கொண்டே, "முக்காடா படம் வரையப் போகுது?" என்றார். பீரோவுக்கு முன்னால் நிறுத்தி அவரே எடுத்துத் தந்தார். முப்பத்தேழு படம். முப்பத்தேழிலும் நான் யாரிடமோ மன்னிப்புக் கேட்கிறவள் மாதிரிதான் இருந்தேன். இருப்பதில் கொஞ்சமாக மன்னிப்புக் கேட்கிற ஒன்றை ரித்திகா தேர்ந்தெடுத்தாள்.

அப்புறம் தலைப்பு. எல்லாவிதமான வேலையும் என்பதை அடித்துவிட்டு, 'டிராயிங் தொலைந்துபோன பம்ப் பாகங்களுக்கு மறுபடி டிராயிங்' என்று வைத்தோம். அதற்குக் கீழே ஐந்து வருஷ அனுபவம், நான் வரைந்தது முதல் வார்ப்பிலேயே பொருந்தும், சொன்ன தேதி தவறாது என்று வரிசையாக எழுதினாள். ஒவ்வொரு வரியும் உண்மைதான். ஆனாலும் வாசிக்கும்போது பக்கத்து வீட்டுப் பெண்ணின் நகையை வாங்கிப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போவதுபோல எனக்குக் கூச்சமாக இருந்தது. வரைந்த மாதிரிகளில் நல்லதாக எட்டைப் பொறுக்கி மேலே வைத்தோம். மூன்று வாரத்தில் அடிலெய்டிலிருந்து கேரன் என்ற பெண்மணி எழுதினார்.

அவர்கள் பண்ணைகளுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்ப்களைப் பழுது பார்க்கிற கம்பெனி. நாற்பது வருஷப் பழைய பம்ப்கள், ஒன்றுக்கும் டிராயிங் கிடையாது. ஒரு வருஷத்துக்கு வாராவாரம் வேலை இருக்கும், ஆள் வேண்டும் என்றார். நான் செய்த மாதிரி ஒன்றைப் பார்த்துவிட்டுப் பிடித்துப்போயிற்று என்றும் சொன்னார். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். தளம் கொடுக்கிற நீல முத்திரை இருக்கிறவர்களோடு மட்டும்தான் அவர்கள் கம்பெனி ஒப்பந்தம் போடுமாம். உங்களுக்கு ஏழு வேலை முடிந்தால் முத்திரை வந்துவிடும் என்று காட்டுகிறது, அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தார். அன்றைக்குத் தேதிப்படி எனக்குப் பத்து நாள் இருந்தது. ஆறு வேலை முடித்திருந்தேன், ஆறுக்கும் அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார்.

இன்னொரு பக்கம் பெருந்துறை சிப்காட்டில் ஒரு கம்பெனி என்னை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. அந்த வெள்ளிக்கு மறுநாள் சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். காலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ், திரும்ப வீடு வந்து சேர ராத்திரி எட்டரை. ரிஃபத்துக்கு அப்போதுதான் மூன்றரை முடிந்து எல்.கே.ஜி. சேர்த்திருந்தோம். அவள் விழித்திருக்கும் நேரம் அத்தனையும் நான் பஸ்ஸிலும் பெருந்துறையிலும் இருப்பேன். இல்யாஸ் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கடையை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆக, கேரன் இல்லாவிட்டால் பெருந்துறை.

ஏழாவது வேலைக்கு அங்கப்பண்ணனைக் கேட்டேன். பெரியநாயக்கன்பாளையத்தில் பட்டறை வைத்திருக்கிறார். நான் கம்பெனியில் இருந்த காலத்திலிருந்தே தெரியும். வேலையை விட்ட பிறகும் வாட்ஸப்பில் ஒரு படத்தை அனுப்பி, 'அம்மணி, இதுக்கு ஒரு டிராயிங் வேணுமுங்களே' என்று கேட்பார். இந்தத் தடவை அதையே தளத்தின் வழியாகக் கொடுங்கள் என்றேன். அவர் தம்பி பாலகோபால் கணக்குத் திறந்து கொடுத்தார். காங்கேயத்தில் ஒரு எண்ணெய் மில்லிலிருந்து பம்ப்பின் மூடி இரண்டாக உடைந்து வந்திருந்தது. பட்டறைக்கு நேரில் போய் வெர்னியர் அளவுகோலை வைத்து அளந்து வந்து, சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே வரைந்து கொடுத்தேன். வார்த்து மாட்டியதும் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை என்று போட்டோ அனுப்பி, கூடவே பத்துக் கும்பிடும் அனுப்பியிருந்தார்.

திங்கட்கிழமை அவருடைய மதிப்புரை வந்தது. 'நல்ல பொண்ணுங்க. சொன்னதுக்கு முன்னாடியே செஞ்சு குடுத்துப்போட்டாங்க. அளவு ஒரு முடி கூடத் தப்பல.' அதற்கு மேலே நாலு ஸ்டார்.

ஏழு வேலையும் முடிந்தது, சராசரி மட்டும் நாலு புள்ளி எட்டு ஆறு என்று நின்றது. முத்திரைக்கு நாலு புள்ளி ஒன்பது வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. நேரில் போய் அளந்து, அவர் கொடுத்த டீயைக் குடித்து, முகத்துக்கு நேராகப் பேசிவிட்டு வந்திருக்கிறேன். முகமே பார்க்காத ஆறு வெளிநாட்டான் அஞ்சு போட்டிருக்கிறான், இந்த மனிதர் நாலு போடுகிறார். "ஒரு முடி கூடத் தப்பலைன்னா அந்த ஒரு ஸ்டாரு எங்கீங்க போச்சு?" என்று நான் கத்தியது இல்யாஸைப் பார்த்து. அவர் பாவம், சோற்றில் கை வைத்தபடியே இருந்தார். ரித்திகா அமைதியாக, பதினாலு நாளுக்குள் கொடுத்தவர் நினைத்தால் மாற்றலாம், கேட்டு மாற்றச் சொல்லு என்றாள். அதைப் போனில் எப்படிக் கேட்பது? 'எனக்கு இன்னும் ஒரு ஸ்டார் போடுங்க' என்று நாலு தடவை வாட்ஸப்பில் அடித்தேன், நாலு தடவையும் அழித்தேன். புதன்கிழமை ரிஃபத்தைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு உக்கடத்தில் பஸ் ஏறினேன்.

பட்டறை, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது சந்து. மூன்று கடைசல் மெஷின், ஒரு துளை போடும் மெஷின், மூலையில் தகட்டை அழுத்தி வெட்டுகிற ஒரு பவர் பிரஸ். வாசலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கப்பண்ணன் என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார்.

"வாங்க வாங்க. ஏனுங்க அம்மணி, இந்த வெயில்ல?"

"சும்மா, இந்தப் பக்கம் வந்தனுங்ணா."

பெரியநாயக்கன்பாளையத்தில் சும்மா வருவதற்கு எனக்கு என்ன இருக்கிறது? அவருக்கும் அது தெரியும். ஆனால் வந்தவளிடம் எதற்கு வந்தாய் என்று கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை, வந்ததும் காரியத்தைச் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஸ்டூல் வந்தது. பாலகோபால் இடது கையில் டீ டம்ளரை ஏந்திக்கொண்டு வந்து வைத்தார். மின்வெட்டைப் பற்றிப் பேசினோம். இரும்பு விலையைப் பற்றி, ரிஃபத்தின் பள்ளிக்கூடத்தைப் பற்றி, காங்கேயத்து மில்காரர் எப்படிச் சந்தோஷப்பட்டார் என்பதைப் பற்றியெல்லாம் பேசினோம். இப்படியே முக்கால் மணி நேரம் போயிற்று. ரிஃபத்தைக் கூப்பிடப் போக வேண்டிய நேரம் நெருங்கியதும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது.

"அண்ணா, தப்பா நெனைச்சுக்காதீங்க. நான் செஞ்சதுல என்னங்ணா கொறை?"

"கொறையா? ஆரு சொன்னா கொறைன்னு?"

"நாலு ஸ்டாரு போட்டிருக்கறீங்களேங்ணா."

"அட, அதுங்களா!" என்று சிரித்தார். "அஞ்சும் போட்டா கண்ணு பட்டுப் போகுமுங்க. ஒலகம் பூராப் பாக்கற எடம்னு பாலு சொன்னான். அத்தனை பேரு கண்ணும் ஒண்ணாட்டவா இருக்கும்? அதுக்குத்தானுங்க ஒண்ணைக் கொறைச்சுப் போட்டேன்."

கோபப்பட வேண்டிய இடத்தில் எனக்கு அழுகை வந்தது. அன்று காலையில்தான் ரிஃபத்துக்குப் புது யூனிஃபார்ம் போட்டு, அழகாக இருக்கிறாளே என்று பார்த்துவிட்டு, உடனே காதுக்குப் பின்னால் மையைத் தொட்டு வைத்திருந்தேன். எங்கள் அம்மா எனக்கு வைத்தது, நான் அவளுக்கு வைக்கிறேன், யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அதையேதான் இந்த மனிதர் எனக்குச் செய்திருக்கிறார். ஆறு வெளிநாட்டுக்காரர்களுக்கும் நான் யாரோ, அதனால் தாராளமாக அஞ்சு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனாலும் சொன்னேன். கேரனைச் சொன்னேன், வெள்ளிக்கிழமையைச் சொன்னேன், பெருந்துறை பஸ்ஸைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் வெளிறிவிட்டது.

"அடக் கடவுளே. உங்க பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுப்போட்டனுங்களா!"

மேசையிலிருந்த போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாலகோபால் சொல்லச் சொல்ல அந்தப் பக்கத்தைத் திறந்தார். ஐந்தாவது ஸ்டார் வெறும் கோடாக இருந்தது. அதற்கு மேலே விரலைக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் பேசினார்.

"ஒம்பது வருசத்துக்கு முன்னாடிங்க. பட்டறை ஆரம்பிச்சுப் பத்து வருசம் ஆச்சுன்னு ஒரு விழா வெச்சோம். மண்டபத்துல முன்னூறு பேரு. மைக்கைக் கையில குடுத்துட்டாங்க. எனக்குப் பேச வராதுங்க. என்ன சொல்றதுன்னு தெரியாம, எந்தம்பி கையில குத்தமே கெடையாது, இந்த ரோட்டுல அப்படி ஒரு கை இல்லைன்னு சொல்லிப்போட்டேன். எல்லாரும் கை தட்டுனாங்க. ஞாயித்துக்கெழமை விழா. வியாழக்கெழமை அந்த பிரஸ்ல..."

அப்போதுதான் நான் பாலகோபாலின் வலது கையைப் பார்த்தேன். இத்தனை வருஷம் போய் வந்தும் அவர் அதை பேன்ட் பையில் வைத்திருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன். கட்டை விரல் மட்டும் இருந்தது. அவர் சாதாரணமாகச் சிரித்தார்.

"அண்ணன் இதையேதானுங்க சொல்லிக்கிட்டு இருப்பாரு. கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. பிரஸ்ஸுக்கு முன்னாடி கை உள்ள போகாம தடுக்கறதுக்கு ஒரு கம்பிக் கூண்டு இருக்குமுங்க. வேலை சுருக்கா ஆகோணும்னு அன்னிக்கு அதைக் கழட்டி வெச்சிருந்துச்சு. அவ்வளவுதான்."

அங்கப்பண்ணன் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. அங்கப்பண்ணன் போனை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

"நீங்களே அமுக்கிக்கங்க அம்மணி. எங்கையால வேண்டாமுங்க."

அமுக்கினேன். ரொம்ப யோசித்தேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். பெருந்துறை பஸ்தான் என் கண்ணுக்குள் நின்றது. மாற்றுவதற்கான காரணம் என்று ஒரு கட்டம் வந்தது. 'கை தவறி ஒரு ஸ்டார் விடுபட்டுவிட்டது' என்று அவர் பெயரில் நானே அடித்து அனுப்பினேன். என்ன எழுதினீங்க என்று கேட்டார். மாத்தியாச்சுன்னு எழுதியிருக்கேனுங்ணா என்றேன். சரிங்க என்று தலையாட்டிவிட்டு, பஸ் ஸ்டாப் வரைக்கும் வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் அஞ்சரைக்குக் கூப்பிட்டார். முத்திரை வந்துவிட்டதா என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்க அம்மணி, சுகமுங்களா?"

"சுகந்தானுங்ணா."

"பாப்பா?"

"நல்லா இருக்கறாளுங்ணா."

"கையி காலெல்லாம் நல்லா இருக்குதுங்களா?"

இருக்கிறது என்றேன். சரிங்க என்று வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் முத்திரை வந்தது, மத்தியானம் கேரன் கையெழுத்துப் போட்டார், சாயங்காலம் பெருந்துறைக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். இல்யாஸ் கடையை ஒரு மணி நேரம் முன்னால் அடைத்துவிட்டுப் பிரியாணி வாங்கி வந்தார். பாத்தியாடி, எழுதத் தெரிஞ்சா போதும் என்றாள் ரித்திகா. அவளிடம் நான் ஸ்டார் கதையைச் சொல்லவில்லை, மாத்திட்டாரு என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வியாழக்கிழமையும் அஞ்சரைக்குக் கூப்பிட்டார். அதற்கடுத்த வியாழக்கிழமையும். அதே மூன்று கேள்வி, கேட்டதும் வைத்துவிடுவார். ஒண்ணும் ஆகாதுங்ணா என்று ஒரு தடவை சொன்னேன். "ஆகாதுங்க. இருந்தாலும் கேட்டுக்கறனுங்க" என்றார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு ஸ்டாருக்காக ஆயுள் முழுக்க ஆஜர் போட வேண்டுமா என்று இல்யாஸிடம் புலம்பினேன். "மனுசன் பயந்து கெடக்கறாரு. ரெண்டு வார்த்தை சொல்லிட்டு வையேன், உனக்கென்ன கொறைஞ்சு போச்சு?" என்றார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் வியாழக்கிழமை காய் நறுக்கும்போது நான் கத்தியைப் பார்த்துக்கொண்டே நறுக்குகிறேன். ஸ்கூட்டரை எடுப்பதில்லை, ரிஃபத்தை நடத்தியே கூட்டி வருகிறேன். அஞ்சரைக்கு போன் வந்து, சுகந்தானுங்ணா என்று சொல்லி வைத்த பிறகுதான் அன்றைய வேலையில் மனது உட்காருகிறது. கேரனுக்கு இதுவரை ஒன்பது பம்ப் வரைந்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் அஞ்சு ஸ்டார் போடுகிறார். வந்ததைப் பார்த்துவிட்டு உடனே அந்தப் பக்கத்தை மூடிவிடுவேன்.

இன்றைக்கு எட்டாவது வியாழக்கிழமை. அஞ்சரை ஆயிற்று, ஆறும் ஆயிற்று, போன் வரவில்லை. கரண்ட் போயிருக்கும், லோடு ஏற்றிக்கொண்டிருப்பார், இல்லை மறந்தே போயிருக்கும், நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு திரையில் பத்தாவது பம்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அளவு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. கண் பட்டால் எனக்குத்தான் படும் என்றே இத்தனை வாரமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அஞ்சு ஸ்டாருக்குக் கீழே இருப்பது அவர் பெயர். அவர் எழுதாத பொய்யும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அன்றைக்கு முக்கால் மணி நேரம் அந்த பிரஸ்ஸுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஒரு முடி அளவு தப்பினாலும் கண்டுபிடிக்கிற கண் எனக்கு. அந்த மெஷினில் இப்போது கூண்டு மாட்டியிருக்கிறதா இல்லையா என்பது எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. நான் பார்க்கவே இல்லை.

முதல்முறையாக நானே அவரைக் கூப்பிட்டேன். முழு மணியும் அடித்து நின்றது. பாலகோபாலின் நம்பர் என்னிடம் இல்லை, கேட்டு வாங்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ரிஃபத் வந்து மடியில் ஏறி, யாரும்மா, யாரும்மா என்று என் தாடையைத் திருப்பினாள். மறுபடி அழுத்தினேன். பெரியநாயக்கன்பாளையத்தில் அந்தப் பட்டறை மேசையில், கிரீஸ் கறை படிந்த அந்தப் போன் அதிர்ந்து அதிர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருப்பது இங்கிருந்தே எனக்குத் தெரிந்தது.